ஏமாற்றத்துக்கும் இலக்கணம் உண்டு
ஆசியக் கோப்பைக் கால்பந்தின் பிரிவு ஆட்டங்கள்: ஒரு திறனாய்வு

இலக்கிய இதழில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். பந்துக்கு வேலை இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பந்தைப் பார்த்து மனிதன் கொள்ளும் வியப்பும், பிறகு அவன் படும் ஏமாற்றமும் உள்ளத்தின் மெய்ப்பாடுகள். மெய்ப்பாட்டை ஆராய்வது திறனாய்வின் வேலைதான். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லி அங்கலாய்த்தால், அந்தச் சொல் பொருத்தமானதா என்று பார்க்க வேண்டிய கடமை சொல்லைக் கற்றவர்க்கு உண்டு.

2023 ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய ஆசியக் கோப்பைப் போட்டி, கத்தார் நாட்டில் 2024 ஜனவரி 12 அன்று தொடங்கிப் பிப்ரவரி 10 அன்று முடிந்தது. 24 அணிகள், நான்கு நான்காக ஆறு பிரிவுகள். பிரிவுக்கு முதலிரு இடம் பெற்றோரும், மூன்றாம் இடத்தார் அறுவருள் சிறந்த நால்வருமாகப் பதினாறு அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும். அதாவது, வீடு திரும்புவோர் எட்டுப் பேர் மட்டுமே. அந்த எட்டில் ஒன்று இந்தியா. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஆடியவை மூன்று, தோற்றவை மூன்று, வாங்கிய கோல்கள் ஆறு, போட்ட கோல் ஒன்றுமில்லை.

வத்திராயிருப்புச் சாலை பிரியும் நம் கிருஷ்ணன்கோவில் தேநீர்க் கடைகளிலும், வளைகுடா நாடுகளிலிருந்து நம் பிள்ளைகள் பேசிய தொலைபேசிப் பேச்சிலும் அந்நாட்களில் இரண்டு சொற்களே மிகுதியாகப் புழங்கின. பிறர் வென்றால் ‘ஆச்சரியம்’. நாம் தோற்றால் ‘ஏமாற்றம்’. இவ்விரண்டு சொற்களையும் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருட்கை நான்கு

வியப்பைத் தொல்காப்பியர் மருட்கை என்பார். அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என வகுத்தார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன் காணாதது புதுமை. அளவில் மிக்கது பெருமை. மிக நுண்ணியது சிறுமை. ஒன்று திரிந்து வேறொன்றாவது ஆக்கம். இவ்வகுப்பை அளவுகோலாகக் கொண்டு கத்தாரின் பிரிவு ஆட்டங்களை அளந்தால், ‘ஆச்சரியம்’ என்ற ஒரே மூட்டையில் நாம் கட்டிவைத்தவை தனித்தனியே பிரிந்து வரும்.

புதுமைக்குத் தஜிகிஸ்தான் சான்று. முதன்முறையாக இப்போட்டியில் கால் வைத்த அந்நாடு, சீனாவோடு 0-0 எனச் சமன் செய்தது. கத்தாரிடம் 0-1 எனத் தோற்றது. லெபனானை 2-1 என வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே ஐக்கிய அரபு அமீரகத்தைப் பெனால்ட்டி உதைகளில் வென்று கால் இறுதியையும் தொட்டது. பாலஸ்தீனமும் இவ்வகையே. 2015 முதல் இப்போட்டிக்கு வரும் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை. காசாவில் போர் நடந்துகொண்டிருந்த காலம். நாட்டில் உள்ளூர்ப் போட்டிகள் நின்றுபோயிருந்தன. சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பும் இல்லை. அத்தகைய அணி ஈரானிடம் 1-4 எனத் தோற்றபின் மனம் தளராது, அமீரகத்தோடு 1-1 எனச் சமன் செய்து, ஜனவரி 23 அன்று ஹாங்காங்கை 3-0 என வென்றது. உதய் தப்பாக் இரண்டு கோல்களும் ஸைத் குன்பர் ஒரு கோலும் போட்டனர். தொடக்க விழாவில் கத்தார் அணித் தலைவர் ஹஸன் அல்ஹைதூஸ், விளையாட்டு வீரர் உறுதிமொழியைத் தாம் சொல்லாது பாலஸ்தீன அணித் தலைவர் முஸ்அப் அல்பத்தாத்தை அழைத்துச் சொல்லச் செய்தார். அது விருந்தோம்பல். ஹாங்காங்கை வென்றதோ உழைப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அந்த வீரர்களுக்கு நாம் செய்யும் குறை.

பெருமைக்கு ஈராக். உலகத் தரவரிசையில் 63 ஆம் இடத்திலிருந்த ஈராக், 17 ஆம் இடத்திலிருந்த ஜப்பானை ஜனவரி 19 அன்று 2-1 என வென்றது. ஐமன் ஹுஸைன் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் முதற் பாதிக்குள்ளேயே முடிவைத் தீர்மானித்துவிட்டன. ஆனால் பெருமைக்குப் பின் வந்ததையும் சொல்லியாக வேண்டும். அடுத்த சுற்றில் ஜோர்டானுக்கு எதிராக அணியை 2-1 என முன்னிலைக்குக் கொண்டுவந்த அதே ஐமன் ஹுஸைன், மகிழ்ச்சி மிகுதியில் புல்தரையில் அமர்ந்து உண்பது போல் அபிநயம் காட்டினார். இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். மிகை நேரத்தில் ஜோர்டான் இரண்டு கோல்கள் போட்டு வென்றது. உவகை அளவு கடந்தால் என்ன விலை கேட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த ஆசிரியர் நடத்துவார்?

சிறுமைக்கு மலேசியா. தரவரிசையில் 130, எதிரே 23 ஆம் இடத்துத் தென் கொரியா. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, வெளியேறுவது உறுதியாகிவிட்ட நிலையில் மலேசியா ஆடிய கடைசி ஆட்டம் அது. ஆட்டம் முடியும் தறுவாயில், மிகை நேரத்தின் இறுதி நிமிடங்களில் ரோமெல் மொராலஸ் போட்ட கோலால் 3-3 எனச் சமனாயிற்று. அந்தக் கோலால் மலேசியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. சிறிய பொருள்தான், ஆனால் நுண்ணிய வேலைப்பாடு. மலேசிய அணியின் பயிற்சியாளர் கிம் பான்-கோன் ஒரு கொரியர் என்ற செய்தியை அறிந்தவர்க்கு வியப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

ஆக்கத்துக்கு ஜோர்டான். தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று, சிறந்த மூன்றாமவருள் ஒருவராக ஒதுங்கி நுழைந்த அணி அது. ஈராக், தஜிகிஸ்தான், தென் கொரியா என வரிசையாக வென்று இறுதி ஆட்டம் வரை போயிற்று. பிரிவில் ஜோர்டானோடு 2-2 எனச் சமன் செய்து தப்பிய கொரியா, அரை இறுதியில் அதே ஜோர்டானிடம் 0-2 எனத் தோற்றது. இறுதியில் கத்தார் 3-1 என வென்றது. அக்ரம் அஃபீஃப் மூன்று கோல்களையும் பெனால்ட்டியிலேயே போட்டார். கத்தாரின் கதையும் ஆக்கமே. 2022 உலகக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்தி, பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் தோற்று உலகத்தின் ஏளனத்துக்கு ஆளான நாடு அது. பதினான்கு மாதங்களில் அது ஆசியக் கோப்பையை ஏந்தியது.

அரபு மொழியில் வியப்பை ‘அஜப்’ என்பர். காரணம் வெளிப்பட்டால் வியப்பு விலகும் என்பது அம்மொழி பேசுவோரிடம் புழங்கும் முதுமொழி. மேற்கண்ட நான்கிலும் காரணத்தைத் தேடினால் கிடைக்கிறது. ஆகவே வியப்பு என்பது பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை. பார்ப்பவரின் அறியாமையில் இருக்கிறது. உஸ்பெகிஸ்தானை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு எதிராக நான்காம் நிமிடத்தில் கோல் போட்ட அப்பாஸ்பெக் ஃபைஸுல்லாயெவுக்கு அன்று வயது 20. அதற்கு முந்திய ஆண்டில் உஸ்பெகிஸ்தான் வென்ற இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்வு பெற்றவர் அவர். நம் அணியின் கோல்களுக்கு நாம் நம்பியிருந்த சுனில் சேத்ரிக்கோ வயது 39. சேத்ரியின் பெருமைக்கு இதில் குறைவில்லை. அவருக்குப் பின் ஒருவரை உருவாக்காத நமக்கே குறைவு. உஸ்பெகிஸ்தான் சிறுவர்களில் முதலிட்டது. 2025 ஜூனில் உலகக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. ஜோர்டானும் அதே மாதத்தில் அத்தகுதியை அடைந்தது. இவற்றில் ‘அஜப்’ எங்கே இருக்கிறது?

துயரத்தின் நிலைக்களன்கள்

இனி, ஏமாற்றம். தொல்காப்பியர் அழுகைக்கும் நான்கு நிலைக்களன் சொன்னார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. இருந்ததை இழப்பது இழவு. பண்டை நிலை கெட்டு வருந்துவது அசைவு. வேண்டியது இல்லாமை வறுமை. இந்தியாவின் கால்பந்துத் துயரம் எவ்வகைத்து?

2019 ஆம் ஆண்டின் துயரம் இழவு. அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என வென்று தொடங்கினோம். பின் அமீரகத்திடம் 0-2 எனத் தோற்றோம். ஷார்ஜாவில் பஹ்ரைனோடு சமன் செய்தாலே அடுத்த சுற்று கிட்டும் என்ற நிலை. தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடித்தபின் ஒரு தவறு, ஒரு பெனால்ட்டி, 0-1. கையில் இருந்தது கை நழுவிற்று. பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அப்போதே பதவி விலகினார். அன்று ஒருவர் கலங்கியிருந்தால் அது நியாயமான கலக்கம்.

2024 ஆம் ஆண்டின் துயரம் இழவன்று; வறுமை. இல்லாததை எப்படி இழக்க முடியும்? இந்தியா இப்போட்டியின் பிரிவு ஆட்டங்களில் 1984, 2011, 2019, 2024 ஆகிய நான்கு முறை ஆடியவை மொத்தம் 13 ஆட்டங்கள். வென்றது ஒன்று; சமன் ஒன்று; தோற்றவை பதினொன்று. போட்ட கோல்கள் ஏழு, வாங்கியவை முப்பது. நான்கு முறைகளில் இரண்டு முறை, 1984 இலும் 2024 இலும், ஒரு கோல்கூட இல்லை. இந்தக் கணக்கை முன்னே வைத்துக்கொண்டு கத்தாருக்குப் போனவர் ‘ஏமாந்தோம்’ என்று சொல்ல இயலாது. வறுமையில் நாம் தனித்தும் இல்லை. சீனாவும் மூன்று ஆட்டங்களில் ஒரு கோலும் போடாமல் திரும்பிற்று. உலகில் மக்கள் தொகையால் முதலிரு இடம் பெற்ற நாடுகள் இரண்டும் சேர்ந்து ஆறு ஆட்டங்களில் வலைக்குள் ஒரு பந்தைச் செலுத்த முடியவில்லை. சீனம் பணத்தைக் கொட்டிய நாடு. அதன் முன்னாள் தேசியப் பயிற்சியாளர் லி டீ கையூட்டுக் குற்றத்துக்காக 2024 டிசம்பரில் இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தலைகளின் எண்ணிக்கையும் பணத்தின் எண்ணிக்கையும் ஆட்டக்காரரை உண்டாக்குவதில்லை என்பதற்கு இவ்விரு நாடுகளும் இரு சாட்சிகள்.

‘லைத்த’வும் ‘லஅல்ல’வும்

அரபு இலக்கணம் பயில்வோர் தொடக்க வகுப்பிலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. ‘லைத்த’ என்ற சொல் வெறும் விருப்பத்தைக் காட்டுவது; நடவாததற்கும் நடத்தற்கு அரியதற்கும் அதைச் சொல்வர். கிழவன் ‘இளமை திரும்பாதா’ என ஏங்குவது ‘லைத்த’. ‘லஅல்ல’ என்ற சொல் நடக்கக்கூடியதை எதிர்பார்ப்பது. உழுது விதைத்தவன் ‘மழை வரக்கூடும்’ என்பது ‘லஅல்ல’. முன்னதைத் தமன்னீ என்றும் பின்னதைத் தரஜ்ஜீ என்றும் இலக்கணிகள் பிரித்தனர். இரண்டும் விருப்பமே, ஆனால் ஒன்றின் பின்னே வேலை இருக்கிறது, மற்றதன் பின்னே இல்லை.

2023 ஆம் ஆண்டின் நடுவில் புவனேசுவரத்தில் லெபனானையும், பெங்களூரில் குவைத்தையும் வென்று இரு கோப்பைகளை இந்தியா பெற்றது. தரவரிசையில் நூறுக்குள் நுழைந்தது. நவம்பரில் குவைத்துக்கே சென்று 1-0 என வென்றது. இவை உண்மையான வெற்றிகள். நம்பிக்கைக்கு இடம் தந்தவை. ஆனால் கோப்பைகள் இரண்டும் சொந்த மண்ணில் வென்றவை. அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூவரும் காயத்தால் கத்தாருக்குச் செல்லவில்லை. பயிற்சிக்குக் கிடைத்த நாட்களோ ஏறத்தாழ இரண்டு வாரம். உழவு குறைந்த நிலத்தில் நின்றுகொண்டு நாம் ‘லஅல்ல’ என்றோம். சொல்ல வேண்டியிருந்தது ‘லைத்த’. நம் பிழை இலக்கணப் பிழை.

தமிழில் ‘ஏமாற்றம்’ என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. தானே ஏமாறுவதும் ஏமாற்றம். பிறர் ஏமாற்றுவதும் ஏமாற்றம். பின்னதற்குக் கால்பந்து வரலாற்றில் மாறாத சான்று ஒன்றிருக்கிறது. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா, ஜூன் 16 அன்று மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்று உலகை அதிரவைத்தது, சிலியையும் வென்றது. மறுநாள், ஜூன் 25 அன்று, ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி ஒரு கோலில் வென்றால் இரு அணிகளும் பிழைக்கும், அல்ஜீரியா வெளியேறும். பத்தாம் நிமிடத்தில் ஜெர்மனி கோல் போட்டது. அதன்பின் எஞ்சிய நேரம் முழுதும் இரு அணிகளும் பந்தை இங்குமங்கும் தட்டிக்கொண்டு நின்றன. அல்ஜீரிய மக்கள் பார்வையாளர் வரிசையில் பணத்தாள்களை வீசிக்காட்டிக் குமுறினர். விதி எதுவும் மீறப்படவில்லை எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் முறை அதன் விளைவாகவே வந்தது. அல்ஜீரியா உழுது விதைத்து அறுவடைக்கு நின்றபோது பிறர் அறுத்துச் சென்றனர். அதுவே ஏமாற்றம் என்ற சொல்லின் முழுப் பொருள். அச்சொல்லை 2024 இன் நம் தோல்விக்குச் சூட்டினால் அல்ஜீரியருக்கு என்ன சொல் மிச்சமிருக்கும்?

செய்தித் தமிழின் குறை

இத்தனைக்கும் நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத் தமிழுக்கும் பங்குண்டு. ஓர் அணி மற்றதை ‘நொறுக்கியது’, ‘பந்தாடியது’, ‘சூறையாடியது’; தோற்ற அணி ‘தோல்வியைக் கவ்வியது’. தோல்வி என்ன எலும்புத் துண்டா கவ்வுவதற்கு? இத்தகைய வினைச்சொற்கள் ஆட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை; படிப்பவரின் ரத்தத்தைச் சூடேற்றுகின்றன. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதற் பாதி முழுதும் இந்தியா கோல் வாங்காமல் தற்காத்தது. இரண்டாம் பாதியில், கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து கைக்கு வந்த பந்தைச் சரியாக விலக்காததால் முதல் கோல் விழுந்தது. ஒழுங்கான தற்காப்பு நாற்பத்தைந்து நிமிடம், ஒரு பிசகு, பிறகு களைப்பு: இதுவே அந்த ஆட்டத்தின் உரை. இந்த உரையை எழுதாமல் ‘பரிதாபத் தோல்வி’ என்று தலைப்பிட்டால் வாசகன் எதைக் கற்பான்? ஒரு மனிதரைத் திட்டுவதை மட்டுமே கற்பான். அப்படித் திட்டவும் செய்தார்கள்.

‘நம்மவர்’ என்னும் மயக்கம்

நம் குடும்பங்களில் கேட்கும் மற்றொரு பேச்சையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சவூதி அரேபியா அர்ஜென்டினாவை வென்றால், மொராக்கோ அரை இறுதிக்குச் சென்றால், ‘நம்மவர் வென்றனர்’ என்கிறோம். மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் அம்மகிழ்ச்சியிலிருந்து வெற்றிக்குப் பெயரே காரணம் என்ற முடிவுக்குத் தாவுவது குற்றம். 2022 நவம்பர் 22 அன்று அர்ஜென்டினாவை 2-1 என வென்ற சவூதி, அடுத்துப் போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்றுப் பிரிவிலேயே நின்றது. தோற்ற அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. மொராக்கோ குரோவேசியாவோடு சமன் செய்து, பெல்ஜியத்தையும் கனடாவையும் வென்று பிரிவில் முதலிடம் பெற்றது. இருவருக்கும் பெயர் வேறுபடவில்லை. மூன்று ஆட்டமும் ஒரே தரத்தில் ஆடும் பயிற்சிதான் வேறுபட்டது. பெயரே வெற்றி தருமென்றால், பெயர் ஒத்த இரு நாடுகள் எதிரெதிரே நிற்கும்போது யாருக்குத் தருவது?

2024 ஜனவரி 23 அன்று அல்கோர் நகரின் அல்பைத் அரங்கில் இந்தியாவும் சிரியாவும் ஆடின. 76 ஆம் நிமிடத்தில் உமர் கரீபின் போட்ட ஒரே கோலால் சிரியா வென்றது; தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரிவைத் தாண்டியது. உள்நாட்டுப் போராலும் 2023 இன் பூகம்பத்தாலும் நொந்த மக்கள் அன்று தெருவில் இறங்கி மகிழ்ந்திருந்தால், அந்த மகிழ்ச்சி நம் துயரத்திலிருந்து பிறந்ததே. அன்று இந்திய அணிக்காக நம் பிள்ளைகள் வருந்தியது நியாயம். வருந்திக்கொண்டே எதிரணியின் உவகையை மதித்திருந்தால் அது பண்பாடு. தன் நாட்டை நேசிப்பதற்கும் பிறர் நலத்தில் மகிழ்வதற்கும் உள்ளத்தில் தனித்தனி இடம் உண்டு. ஒன்றுக்காக மற்றதை விலைபேச வேண்டியதில்லை.

ஓர் ஆசிரியரின் பாடம்

அசைவு என்ற நிலைக்களனை இறுதிக்கு ஒதுக்கி வைத்தோம். பண்டை நிலை கெட்டது என்பதே நம் உண்மையான துயரம். அது ஒரு மாலையில் வந்ததன்று.

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவின் ஆசிய விளையாட்டுக்குச் சென்ற இந்திய அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் பிரிவு ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றோம். இன்றாயின் அன்றிரவே அனைவரையும் தூற்றி முடித்திருப்போம். ரஹீம் சாகிப் அணியைத் திருத்தினார். தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என வென்று பிரிவைத் தாண்டினர். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் பட்டபோது அவரை முன்வரிசைக்கு மாற்றினார். அவர் அரை இறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டார். பகைமை காட்டிய பெருங்கூட்டத்தின் நடுவே, முதலில் தோற்கடித்த அதே தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றனர். சுனி கோஸ்வாமி தலைவர், பி. கே. பானர்ஜி, யூசுப் கான், பீட்டர் தங்கராஜ், செகந்திராபாத்தில் பிறந்த தமிழர் துளசிதாஸ் பலராமன் எனப் பல ஊர், பல மொழி, பல சமயத்தார் ஒரே அணியில் இருந்தனர். புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம், 1963 ஜூனில் காலமானார். அவர் வாழ்வைக் கூறும் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம், கத்தார் தோல்விக்கு மூன்று மாதத்துக்குள் வெளிவந்தது. படத்தைப் பார்த்துக் கைதட்டினோம். பாடத்தைப் படித்தோமா என்பதே கேள்வி.

விடை வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கு நுழையும் வாய்ப்பையே இந்தியா இழந்தது. பிரிவு ஆட்டத்தில் ஏமாறுவதற்கும் முதலில் ஒரு தகுதி வேண்டும், அத்தகுதியும் போயிற்று.

பெற்றோர்க்கு ஒரு சொல். பள்ளித் தேர்விலும் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவுச் சுற்று உண்டு. முதல் தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையிடம் ‘ஏமாற்றிவிட்டாய்’ என்று சொல்வதற்குமுன், அவன் உழுத நிலம் எவ்வளவு, நாம் இறைத்த நீர் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றும் இறைக்காதவர்க்கு ‘ஏமாற்றம்’ என்ற சொல்லின்மேல் உரிமை இல்லை. இறைத்தவர்க்கோ, முதல் தாளுக்குப் பின்னும் தாள்கள் இருக்கின்றன. ஜகார்த்தாவில் முதல் தாளில் தோற்றவர்கள்தாம் தங்கத்தோடு திரும்பினர்.